லிஃப்ட் கிட் போட்ட பிறகு வண்டி முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

ஸ்பிரிங், ஷாக் மாற்றி வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட்டைப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்பவர்களிடம் முதலில் நான் கேட்பது, "கழட்டுறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்துலயும் அளவு எடுத்தீங்களா?" என்பதுதான். பெரும்பாலும் "இல்லைங்க" என்றே பதில் வரும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்தால் நான்கு எண்கள் கிடைக்கும். டயரை மாற்றினாலும் காற்று குறைந்தாலும் இந்த அளவு மாறாது. ஸ்பிரிங்கில் ஏதாவது நடந்தால்தான் மாறும். எழுதி வைத்தவருக்குப் பாதிக் கோளாறு அந்தத் தாளிலேயே பிடிபட்டுவிடும். அளக்காமல் விட்டவர்கள் இன்றைக்காவது அளந்து, தேதி போட்டு, டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள்.

என்னிடம் இருப்பதும் நான் அதிகம் கை வைத்துப் பார்த்ததும் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப். முன்னால் சக்கரத்தைச் சட்டத்தோடு (சேஸிஸோடு) இணைக்க மேலும் கீழும் இரண்டு ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங்கோடு ஷாக் (அதிர்வு தாங்கி). பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே துண்டாகச் சேர்க்கும் கட்டை ஆக்சில், பட்டைகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங். டொயோட்டா ஹைலக்ஸும் இதே அமைப்புதான், அதனால் அதை வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். ஜிம்னி மாதிரி முன்னாலும் கட்டை ஆக்சில் உள்ள வண்டிகளுக்கு முன்பக்கக் குறிப்புகள் பொருந்தாது.

வண்டியை 40 மி.மீ. தூக்கினால் அதோடு கட்டியிருக்கும் ஒவ்வொரு ராடும், ஷாஃப்டும், ஹோஸும், கம்பியும் தன் கோணத்தை மாற்றிக்கொள்கிறது. உயரம் கிட் பெட்டியில் எழுதியிருக்கும். கோணங்களைப் பற்றி எழுதியிருக்காது. கிட் போட்ட பிறகு வரும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை இப்படி மாறிப்போன ஒரு கோணத்தில் வந்துதான் முடியும்.

கிட் வாங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்ந்தது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிட்டுப் பணத்தை எடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

சரி, இனி அறிகுறிகள்.

40 மி.மீ. என்றார்கள், 65 ஏறிவிட்டது. மூக்கு வானத்தைப் பார்க்கிறது

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஓல்டு மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ் என்று நாம் கேள்விப்படும் பெயர்கள் எல்லாமே அந்த ஊர்க்காரர்கள். அங்கே பிக்கப் வைத்திருப்பவர் முன் பம்பரில் இரும்புத் தடுப்பான புல் பார் போடுவார், பலர் சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் வின்ச்சும் சேர்ப்பார்கள். மூக்கில் 50 முதல் 100 கிலோ வரை கூடிவிடும். அதற்கென்றே கனமான ஸ்பிரிங் விற்கிறார்கள். நம் ஊரில் புல் பார் போடக்கூடாது; 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதிலிருந்து கெடுபிடியும் கூடியிருக்கிறது. ஆக, கனத்துக்குச் செய்த ஸ்பிரிங்கைக் கனமில்லாத மூக்கில் மாட்டுகிறோம். அது அமுங்க மாட்டேன் என்கிறது.

ஆர்டர் செய்யும்போது "வி-கிராஸுக்கு ஒரு கிட்" என்று கேட்காதீர்கள். முன்னால் கூடுதல் எடை எவ்வளவு, பின்தொட்டியில் எப்போதும் நிற்கும் எடை எவ்வளவு என்று இரண்டு எண்களைச் சொல்லிக் கேளுங்கள். புல் பார் இல்லையென்றால் முன்னால் லைட் ஸ்பிரிங். ஏற்கெனவே கனமானது மாட்டியிருந்தால் அந்த இரண்டு காயிலை மட்டும் மாற்றினால் போதும். ஷாக் அப்படியே இருக்கட்டும்.

ஷாக்கின் தலைக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் கிட் என்றால் கணக்கு வேறு. ஷாக்கின் அடி, கீழ் ஆர்மின் நடுவாக்கில்தான் உட்காருகிறது, சக்கரம் ஆர்மின் நுனியில் இருக்கிறது. அதனால் மேலே 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை தெரியும். 25 மி.மீ. தட்டை வைத்துவிட்டு "ஒரு இஞ்சுதானே" என்று நினைத்தவர் வண்டி இரண்டு இஞ்சுக்குக் கிட்டே நிற்பதைப் பார்த்துத் திகைப்பார்.

புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் 5 முதல் 10 மி.மீ. உட்காரும். அதனால் மாட்டிய அன்றே தீர்ப்பு சொல்லாதீர்கள். 500 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள்.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

சமதளத்தில் நிறுத்தி, டேங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு அளங்கள். பழைய தாளை எடுத்துப் பாருங்கள். கிட் போடும் முன்பே 8 மி.மீ. சாய்வு இருந்திருக்கலாம், பழைய ஸ்பிரிங்கில் அது கண்ணில் பட்டிருக்காது.

முன்னால் சாய்வு என்றால் காயிலில் ஒட்டியிருக்கும் அடையாளத்தைப் பாருங்கள். சில கிட்டுகளில் டிரைவர் பக்கம், மற்றப் பக்கம் என்று தனித்தனி ஸ்பிரிங் வரும், மாற்றி மாட்டினால் சாயும். பின்னால் சாய்வு என்றால் ஸ்பிரிங்கின் நடு போல்ட்டின் தலை ஆக்சில் மேடையில் உள்ள குழிக்குள் சரியாக இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்து இன்னமும் 10 மி.மீ.க்குள் சாய்வு என்றால், தாழ்ந்த பக்கம் 5 மி.மீ. தட்டு ஒன்று வைத்துச் சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால் தட்டு அடுக்கிக்கொண்டே போகாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். அந்தக் காரணம் பல சமயம் அடுத்து வரும் புஷ்தான்.

கரடுமுரடு தூக்கிப்போடுகிறது, சில மாதத்தில் கிறீச் சத்தமும் சேர்ந்துகொண்டது

ஸ்பிரிங் கனம் என்று எல்லோரும் முதலில் அதைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் புஷ்ஷைப் பார்ப்பேன்.

ஆர்மின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவே ஒரு இரும்புக் குழல், வெளியே ஒரு இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவில் ரப்பர் இரண்டிலும் ஒட்டியே இருக்கும். போல்ட்டை முறுக்கும்போது உள்குழல் சேஸிஸ் சட்டத்தோடு இறுகி நின்றுவிடுகிறது. ஆர்ம் மேலும் கீழும் ஆடுவது குழலைச் சுற்றிச் சுழன்று அல்ல, ரப்பர் முறுக்கிக்கொள்வதால். இப்போது யோசியுங்கள். வண்டியைத் தூக்கும் பட்டறை மேடையில் வண்டி தொங்கிக்கொண்டிருக்க, சக்கரம் கடைசிவரை கீழே இறங்கியிருக்க, அந்த நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முழுக்க முறுக்கிக்கொண்டு நிற்கும். அது ஒரு கூடுதல் ஸ்பிரிங் போல வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், குலுக்கும், உயர அளவைப் பொய்யாகக் காட்டும். சில மாதத்தில் கிழியும். பட்டை ஸ்பிரிங்கின் முனையில் உள்ள கண், அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் இரண்டிலும் இதே கதை.

சரிசெய்ய ஒரு காசு செலவில்லை. நான்கு சக்கரத்துக்கும் அடியில் சமமான கனத்த மரக்கட்டை கொடுத்து, எடை முழுவதும் டயரில் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். கை பிரேக், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இரண்டும் வேண்டும். கீழ் ஆர்ம், மேல் ஆர்ம், பட்டைக் கண், ஷேக்கிள் போல்ட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முன் பம்பரையும் பின் தொட்டியையும் பத்துப் பத்து முறை அமுக்கிவிடுங்கள். தளர்த்தும்போதே "டக்" என்று புஷ் விடுபடும் சத்தம் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்புறம் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கீழ் ஆர்மில் கேம் போல்ட் (திருப்பினால் சக்கரக் கோணத்தை மாற்றும் போல்ட்) இருந்தால் அலைன்மென்ட் கலைந்திருக்கும். அதே நாளில் போய் எடுத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் காலி வண்டியாகக் குதிக்கிறது, ஆறு சிமென்ட் மூட்டை ஏற்றினால் பட்டுப்போல் போகிறது என்றால், பின் பட்டை 300 கிலோ எப்போதும் ஏற்றுகிறவருக்கான பட்டை. வாரத்தில் ஐந்து நாள் காலியாகப் போகிறவருக்கு அது ஒத்துவராது. ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கிட் செய்தவரே அப்படிக் கழற்றச் சொல்லியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. எதிரே பஸ் போனால் வண்டி அலைகிறது

இது காஸ்டர். சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டில் பார்த்தால் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் போல. அந்தச் சாய்வுதான் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங்கை நேராகக் கொண்டுவருகிறது. மூக்கு ஏற ஏற அது குறைந்துகொண்டே வரும். 100 கி.மீ. வேகத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றினால் காஸ்டர் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அலைன்மென்ட் கடையில் "எல்லாம் பச்சை காட்டுதுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். பச்சைக்குள்ளேயே கடைசி ஓரத்திலும் நிற்கலாம். பிரின்ட் கேட்டு வாங்குங்கள். இடது வலது காஸ்டர் எண் இரண்டும் ஏறக்குறைய சமமாகவும், அனுமதித்த அளவின் மேல் பாதியிலும் இருக்கட்டும். டோவுக்கு (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) முன் காஸ்டரையும் கேம்பரையும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் டோ வைத்தால்தான் ஸ்டீயரிங் நேராக நிற்கும். கேம் போல்ட்டைக் கடைசிவரை திருப்பியும் காஸ்டர் ஏறவில்லை என்றால் அசல் மேல் ஆர்ம் போதவில்லை என்று பொருள். கூடுதல் காஸ்டர் கொடுக்கும்படி செய்த மேல் ஆர்ம் தனியாகக் கிடைக்கிறது. 50 மி.மீ.க்குப் பக்கமாகத் தூக்குகிறவர் கிட் விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் போடுவது நல்லது.

டோ கெட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். முன் டயரின் குறுக்கே உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே, பிறகு உள்ளேயிருந்து வெளியே தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் பட்டால் டயர் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடுகிறது. ரப்பர் கண்ணுக்குத் தெரியும்படி தேய்வதற்கு வாரக்கணக்கில் முன்பே கை சொல்லிவிடும்.

முன்னால் டக் டக்

சத்தம் எப்படி இருக்கிறது என்று விவரிப்பதைவிட, எப்போது வருகிறது என்று பாருங்கள்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, சக்கரம் கீழே விழும் நொடியில் ஒரே ஒரு அடி: ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு முட்டுகிறது. நீள ஸ்பிரிங்கை அசல் நீள ஷாக்கில் மாட்டினால் இது வரும். வண்டி உயர்ந்து நிற்பதால், சக்கரம் கீழே போவதற்கு மிச்சமிருந்த தூரம் அவ்வளவுக்குக் குறைந்துவிட்டது. உயரத்துக்கேற்ற நீளமுள்ள ஷாக் போட வேண்டும்.

நிறுத்தி வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது "டங்" என்றால் ஸ்பிரிங் தன் தட்டில் சரியாக உட்காராமல் சுழன்று குதிக்கிறது, அல்லது மேல் மவுன்ட்டின் நட்டு லூஸ். ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பட்டும்; நீங்கள் இஞ்சின் பக்கமிருந்து மவுன்ட்டின் மேல் விரல் வைத்திருங்கள். அடி விரலில் தெரியும்.

சிறு கற்கள் மேல் மெதுவாகப் போகையில் தொடர்ந்து சலசலவென்று வந்தால், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு. கோணம் மாறிப்போனதால் அதன் பால் ஜாயின்ட் ஒரு ஓரத்திலேயே வேலை செய்கிறது. லிங்கைக் கழற்றிவிட்டு உங்கள் தெருவுக்குள் மட்டும் மெதுவாக ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். சத்தம் நின்றால் புது லிங்க்.

ஒரு எச்சரிக்கை. ஷாக்கின் உச்சி நட்டைக் காயில் அமுங்கியிருக்கும்போது கம்ப்ரஸர் இல்லாமல் கழற்றக்கூடாது. அந்த ஸ்பிரிங்கில் நூற்றுக்கணக்கான கிலோ விசை அடைபட்டிருக்கிறது. இரண்டு கொக்கி மாட்டும் விலை குறைந்த கம்ப்ரஸர் நழுவினாலும் அதே ஆபத்து. இந்த ஒரு வேலையைச் சுவரோடு பதித்த கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மீதியை வீட்டில் செய்யலாம்.

முன் சக்கரத்தின் உட்புறம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறது

சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் ஷாஃப்டின் ரப்பர் பூட் கிழிந்துவிட்டது. முன்பு ஏறக்குறைய படுத்திருந்த ஷாஃப்ட், மூக்கு ஏறியதும் சரிந்து நிற்கிறது. பூட்டின் மடிப்புகள் கீழ்ப்பக்கம் விரிந்து, மேல்பக்கம் ஒன்றோடொன்று உரசும்.

கிழியும் முன்னே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வண்டி தரையில் நிற்கும்போது சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்து, பூட்டின் மேல்பக்க மடிப்புகளுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழையுங்கள். தாராளமாகப் போனால் கவலை இல்லை. பிடித்தால் மடிப்பு ரப்பரோடு ரப்பர் தேய்ந்துகொண்டிருக்கிறது. மடிப்பின் முகட்டில் பளபளப்பாக ஒரு கோடு விழுந்திருந்தால் அது தேய்மானத் தடம்.

ஸ்பேசர் கிட்டில் இந்தத் தொல்லை கூடுதல். அசல் நீள ஷாக்கில் நீள ஸ்பிரிங் மட்டும் போட்டால் ஷாக்கின் நீளம் மாறாததால், சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்ற எல்லையும் மாறுவதில்லை. தலைக்கு மேல் ஸ்பேசர் வைத்தால் ஷாக் முழுவதுமே கீழே இறங்குகிறது, தொங்கும் எல்லையும் அதோடு இறங்குகிறது. பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஷாஃப்டும் பால் ஜாயின்ட்டும் செய்யப்பட்ட கோணத்தைத் தாண்டிவிடும். மலைத் தோட்டப் பாதையில் ஓட்டுகிறவர்கள் ஸ்பேசரை விட்டுவிட்டு ஸ்பிரிங்குக்கே பணம் போடுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கிழிந்துவிட்டால் உடனே பூட்டும் கிரீஸும் மாற்றுங்கள். மண் உள்ளே போய்விட்டது, திருப்பும்போது கடகடவென்கிறது என்றால் ஜாயின்ட்டே போயாயிற்று. அப்புறம் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும்: உயரத்தைக் குறைப்பது, அல்லது முன் டிஃப்ரன்ஷியலை (இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) 25 மி.மீ. அளவு கீழே இறக்கும் டிராப் கிட். இறக்கினால் அடியில் அவ்வளவு இடம் போகும். நான் உயரத்தைக் குறைக்கும் பக்கம்.

வண்டி எடுக்கும்போது அடியில் ஓர் உதறல்

முதல் கியரில் கிளட்ச் விடும்போது, ஏற்றத்தில் இன்னும் தெளிவாக, இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம். வேகம் எடுத்தால் போய்விடும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் இரண்டு துண்டாக உள்ள வண்டியில் நடுவே தாங்கும் சென்டர் பேரிங்கின் இடத்தில் கோணம் உடைந்துவிட்டது என்று பொருள். பின்பக்கம் உயர்ந்ததும் பின் துண்டு கீழ்நோக்கிச் சரிகிறது.

சோதிப்பது எளிது. தொட்டியில் 300 கிலோ ஏற்றுங்கள். அதே ஏற்றம், அதே கியர். உதறல் காணாமல் போனால் கோணம்தான். போகவில்லையென்றால் கிளட்ச், மவுன்ட், கிராஸ் ஜாயின்ட் என்று வேறு இடத்தில் தேடுங்கள். கோணம் என்றால் சென்டர் பேரிங் தாங்கியைச் சில மி.மீ. கீழே இறக்கும் ஸ்பேசர் இரண்டும் நீளமான போல்ட்டும் போதும். அதற்கு மாறாக 70, 80 கி.மீ. வேகத்தில் மட்டும் ரீங்காரம் வந்து வேகம் கூடினால் கூடுகிறது என்றால், டிஃப்ரன்ஷியலின் மூக்கு திரும்பிய கோணத்தைப் பார்க்க வேண்டும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் வைக்கும் ஆப்புத் தட்டு அதைச் சரிசெய்யும். எந்தப் பக்கம் தடித்த முனை வரவேண்டும் என்பதைக் கோணமானியால் அளந்த பிறகே முடிவு செய்யுங்கள்.

பின்னால் ஏதோ நகர்ந்தது போல

இதை என் வண்டியிலேயே அனுபவித்தேன். பின் பட்டை மாற்றிய பட்டறையில், பட்டையை ஆக்சிலோடு கட்டும் பழைய யு-போல்ட்டையே திரும்பப் போட்டுவிட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று கவனிக்கவில்லை. மூன்றாவது வாரம் மலை ஏறுகையில் ஸ்டீயரிங் நேராக இருக்க வண்டி லேசாகக் குறுக்கே போவது மாதிரி தோன்றியது. இறங்கிப் பார்த்தால் இடது பின் சக்கரம் ஃபெண்டர் வளைவின் நடுவில் இல்லை, ஒரு விரல் அகலம் பின்னால் போயிருந்தது. நட்டுகள் லூஸாகி, நடு போல்ட் அறுந்து, ஆக்சில் பட்டையின் மேல் நகர்ந்திருந்தது. கயிறு போட்டுக் கட்டி, நடை வேகத்தில் இறக்கிக் கொண்டுவந்தோம்.

யு-போல்ட் ஒருமுறை இறுக்கும்போது நீண்டுதான் பிடிக்கிறது. கழற்றி மறுபடி இறுக்கினால் அதே பிடிப்பு வராது. கிட்டில் புது யு-போல்ட்டும் நட்டும் இல்லையென்றால் தனியாக வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். நான்கு நட்டையும் குறுக்கு மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பிளேட்டுக்கு வெளியே நான்கு முனையிலும் மரை ஒரே அளவு தெரிய வேண்டும். அப்புறம் 100 கி.மீ., 500 கி.மீ., 1,000 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச் வையுங்கள். முதல் தடவை கண்டிப்பாகச் சற்றுத் திரும்பும்.

சந்தேகம் வந்தால் இரண்டு பக்கமும் முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை டேப் பிடியுங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது இடது வலது வித்தியாசம் சில மி.மீ.க்கு மேல் போனால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

பெரிய டயர் உரசுகிறது. லிஃப்ட் போட்டும் உரசுகிறது

லிஃப்ட் செய்தால் வண்டி நிற்கும் உயரம் கூடும். சக்கரம் மேலே எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதை ரப்பர் பம்ப் ஸ்டாப் முடிவு செய்கிறது. அது பழைய இடத்திலேயே இருக்கிறது. சக்கரம் முழுக்க மேலே அமுங்கும் நொடியில் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் லிஃப்டுக்கு முன் இருந்த அதே இடம்தான். ஊருக்குள் உரசாத டயர் ஓடைப் பள்ளத்தில் உரசுவது இதனால்.

அதேபோல, ஸ்பிரிங்கை உயர்த்தினால் பின் டிஃப்ரன்ஷியல் குண்டு ஒரு மி.மீ. கூட உயராது. அது ஆக்சிலோடு இருக்கிறது, ஆக்சில் டயரோடு இருக்கிறது. கல் இடிப்பது குண்டில் என்றால் லிஃப்ட் கிட் அதற்கு மருந்தாகாது. வயிற்றுப்பகுதியும் பம்பரும் இடிக்கிறது என்றால்தான் கிட்.

டயரை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும்? 255/60ஆர்18 டயரின் விட்டம் 763 மி.மீ., 265/65ஆர்18 எடுத்தால் 802 மி.மீ. குண்டு 19 மி.மீ. உயரும். ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் கியர் அந்த அளவு கனமாகத் தெரியும். வாங்கும் முன் கடையில் ஒரு முன் சக்கரத்தை மட்டும் மாட்டி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பின்பக்கம் மட்ஃப்ளாப்பிலும் பாடி மவுன்ட்டிலும் படுகிறதா என்று பாருங்கள். லைனர் பிளாஸ்டிக் என்றால் நகர்த்திக் கட்டலாம். பாடி மவுன்ட் இரும்பில் படுகிறதென்றால் அந்த டயர் இந்த வண்டிக்கு வேண்டாம்.

ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. பிரேக் பிடிப்பு மாறிவிட்டது

ஓட்டாதீர்கள், முதலில் பாருங்கள். சக்கரம் முழுக்கத் தொங்க, முன்னால் இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸும் சென்சார் வயரும் விரைப்பாக நிற்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் வைத்து அசைத்தால் தளர்வாக ஆட வேண்டும். இழுத்திருந்தால் கிளிப்பை நகர்த்துங்கள் அல்லது நீள ஹோஸ் போடுங்கள்.

சில பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு ராடு சட்டத்தில் உள்ள வால்வுக்குப் போகும்; தொட்டியில் எடை எவ்வளவு என்று பார்த்துப் பின் பிரேக்கை அளந்து கொடுக்கும். பின்பக்கம் உயர்ந்தால் அந்த வால்வு வண்டி எப்போதும் காலி என்று நினைத்துக்கொள்ளும்; லோடு ஏற்றினாலும் பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். உங்கள் வண்டியில் அந்த ராடு இருந்தால், உயர்ந்த அளவுக்கு அதன் தாங்கியையும் உயர்த்த வேண்டும். கிட் மாட்டுகிறவர்கள் இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள், சுமையோடு மலை இறங்குகிறவருக்கு இதுதான் மிக முக்கியம்.

எதிரே வருகிறவர்கள் லைட் அடிக்கிறார்கள்

முன்னும் பின்னும் சமமாக உயர்ந்தால் வெளிச்சம் 40 மி.மீ. மேலே போகும், அவ்வளவுதான். மூக்கு மட்டும் 20 மி.மீ. கூடுதலாக ஏறினால் நிலைமை வேறு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3,095 மி.மீ. உள்ள பழைய டி-மேக்ஸில் அது 0.65 சதவீதச் சரிவு. டிம் லைட்டை 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும்படி வைத்திருந்தால் பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிட்டது. 50 மீட்டர் தொலைவில் வெளிச்சத்தின் விளிம்பு 32 செ.மீ. மேலே அடிக்கும், எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் பக்கமாக.

டேஷ்போர்டில் லைட் ஏற்ற இறக்கக் குமிழ் இருந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். அது லோடு ஏற்றும்போது தேவைப்படும். இரவில் சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தரையிலிருந்து ஹெட்லைட் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் டேப் ஒட்டுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்த டேப்புக்கு 10 செ.மீ. கீழே விழும்வரை ஹெட்லைட்டின் பின்னால் உள்ள சரிசெய்யும் திருகைத் திருப்புங்கள். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் கீழேயிருந்து ஏறி வருகிற டிரைவருக்குப் பாதை தெரிய வேண்டும், அதனால் கிட் மாட்டிய அன்றிரவே இதைச் செய்துவிடுங்கள்; 500 கி.மீ.யில் ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை.